குனிந்த தலையும் இருபத்துநான்கு முட்டைகளும்

மார்ச் 5, சாம்பல் புதன்

காலை 6.10 பூசை. நெற்றியில் சாம்பலோடு திரும்பி வரும் வழியிலேயே நானும் செசிலியும் இந்தத் தவக்காலத்துக்கான ஒறுத்தலை முடிவு செய்துவிட்டோம். நான் நாற்பது நாளும் டீ குடிப்பதில்லை. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக உட்கார்ந்து, நாளைக்கு ஒன்பது டீ குடித்தவனுக்கு இது லேசான காரியம் அல்ல. செசிலி கொஞ்சம் யோசித்துவிட்டு, எதற்கும் குறை சொல்லப் போவதில்லை, முணுமுணுக்கக்கூட மாட்டேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் ஆன முப்பத்தாறு வருஷத்தில் குறை சொல்லாமல் அவள் ஒரு வேளை சோறு போட்டதில்லை. மூன்று நாள் தாண்டாது என்று நினைத்துக்கொண்டேன்.

முட்டை, கறி, மீன் இருவருக்குமே உயிர்ப்பு ஞாயிறு வரை கிடையாது. அது எப்போதும் உள்ளது.

மார்ச் 9, ஞாயிறு

நாலு நாள் தாண்டிவிட்டது. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுப் பார்த்தேன். செருப்போடு சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் அப்படி ஓர் அமைதி. தவக்காலம் வருஷம் முழுவதும் இருந்தால் என்ன என்று தோன்றுகிறது.

மாலையில் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் உள்ள இருபத்துநான்கு குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் செய்யும் அன்பியத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு வர்ண முட்டை கொடுப்பது பல வருஷமாகச் செசிலியின் வேலை. பெரிய கலை ஒன்றும் இல்லை. அவித்த முட்டையைக் கடைச் சாயப்பொடியில் முக்கி, பசை தடவி, ஜிகினா தூவுவாள். அடுத்த மூன்று நாளைக்கு என் சட்டையெல்லாம் ஜிகினா. இந்த வருஷமும் உண்டுதானே என்று டீச்சர் கேட்டதற்கு உண்டு என்றாள்.

மார்ச் 13, வியாழன்

கீரை ஆய்ந்துகொண்டே, காலையிலிருந்து வலது கண்ணின் ஓரத்தில் மின்னுகிறது, கொசு பறக்கிற மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன என்றாள். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னாள். உடம்புச் சூடுதான், உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வை என்றேன். வேறு மாதமாக இருந்தால் அந்த எண்ணெயை வைத்தே அரை மணி நேரம் என்னை வறுத்திருப்பாள். இன்று எண்ணெய் வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

ஊசியில் நூல் கோக்க ஏழு தடவை முயன்றாள். எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு ஊசியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். சலித்துக்கொள்ளவில்லை. பாராட்டத்தான் வேண்டும்.

மார்ச் 19, புதன், சூசையப்பர் திருநாள்

சாம்பாரைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். நான்தான் குறை சொன்னேன். அவள் துணி எடுத்துத் துடைத்தாள்.

மார்ச் 21, வெள்ளி

சிலுவைப்பாதை, மாலை 5.30. பதினான்கு ஸ்தலத்தின் ஜெபத்தையும் செசிலி புத்தகத்தைத் திறக்காமலே சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

காலை 5.40க்கு எழுந்தேன். செசிலி நடுக்கூடத்தில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். விளக்குச் சுவிட்சைத் தேடுகிறாளாம். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மதுரைக்கு 6.15 வண்டி. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, மூன்று பேர் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியாக வந்த டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுகூட இருக்காது. விழித்திரை, ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம் போல உரிந்துவிட்டதாம். நடுப்பகுதியும் சேர்ந்து உரிந்திருக்கிறது. இடது கண்ணில் அவளுக்கு ஏழு வயதிலேயே நெல் உமி பட்டுப் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். ஆகவே இந்த ஒரு கண்தான் அவளுக்குக் கண். நாளைக்கே அறுவை சிகிச்சை.

மின்னல் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். நான் பதில் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மார்ச் 26, புதன்

உள்ளே 9.20. வெளியே 11.05. நடுவில் என்ன செய்தேன் என்று நினைவில்லை.

மார்ச் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பியிருக்கிறார்கள். வாயு எப்போதும் மேலே போகும். விழித்திரை இருப்பது கண்ணின் பின்சுவரில். பின்சுவர் மேலே வர வேண்டுமானால் முகம் தரையைப் பார்க்க வேண்டும். அந்த வாயுக் குமிழ்தான் உள்ளேயிருந்து அமுக்கி ஒட்ட வைக்கும். ஆகவே ஏப்ரல் 5 வரை செசிலி தலையைத் தூக்கக் கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குனிந்தேதான். ஒரு குமிழை நம்பி ஒரு மனுஷியின் பார்வை.

கட்டில் ஓரத்தில் நெஞ்சுக்கு இரண்டு தலையணை வைத்து, முகம் வெளியே தொங்குகிற மாதிரி படுக்க வைத்திருக்கிறேன். கீழே ஸ்டூலில் தட்டு. கஞ்சியை உறிஞ்சுகுழலில் குடிக்கிறாள். சொட்டு மருந்து 6, 10, 2, 6, 10. இந்த நாட்குறிப்பிலேயே குறித்து வைக்கிறேன்.

இன்றும் அவள் குறை சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மதியம் செசிலி தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஏங்க, கண்ணுக்குத்தான் வேலை இல்ல. கைக்கு என்ன வந்துச்சு? முட்ட வாங்கிட்டு வாங்க."

டீச்சரிடம் இந்த வருஷம் முடியாது என்று நானே சொல்லி அனுப்பிவிட்டதைச் சொன்னேன். திரும்பப் போய் முடியும் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னாள். கண் தெரியாமல் எப்படி வர்ணம் தீட்டுவாய் என்று கேட்க வாய் எடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை. அவளே சொன்னாள். கோயில் பீடத் துணி துவைக்கும்போது பார்த்திருக்கிறாளாம், மெழுகு சொட்டிய இடத்தில் நீலம் ஏறுவதில்லை. முட்டையில் மெழுகால் புள்ளி வைத்தால் விரலுக்குத் தட்டுப்படும். எங்கே வைத்தோம், அடுத்தது எங்கே வைக்க வேண்டும் என்று விரலே சொல்லிவிடும். சாயத்தில் முக்கிய பிறகு மெழுகை எடுத்தால் புள்ளி வெள்ளையாக நிற்கும்.

இதை எத்தனை நாளாக யோசித்தாள் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன செய்வது என்றாள்.

மார்ச் 31, திங்கள்

அவித்த முட்டை மூன்று வாரம் தாங்காது. ஆகவே வெறும் ஓடுதான் வேண்டும். இரண்டு முனையிலும் ஊசியால் துளை போட்டு, மேலே வாய் வைத்து ஊத வேண்டும். முதல் முட்டைக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. கன்னம் வீங்கிவிட்டது. இரண்டு உடைந்தன. நாலு தேறின. நாங்கள் முட்டை சாப்பிடக் கூடாத காலம் என்பதால் உள்ளே இருந்ததை அடுத்த வீட்டுக் காமாட்சிக்குக் கொடுத்தேன்.

சாயத்துக்கு வெங்காயச் சருகைக் கொதிக்க வைத்து, வினிகர் விட்டு, நன்றாக ஆற வைத்தேன். சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பென்சிலின் ரப்பர் முனையில் குண்டூசியைக் குத்திக்கொண்டேன். கொண்டைதான் எழுதுகோல். மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு மூடியில் உருக்கி, ஊசிக் கொண்டையைத் தோய்த்து, ஆறுவதற்குள் அவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் குனிந்தபடி, இடது கையில் முட்டையை ஏந்தி, ஒரு புள்ளி வைத்து லேசாக இழுப்பாள். புள்ளிக்கு ஒரு வால் முளைக்கும். அடுத்த ஊசி. ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பதினெட்டு ஊசி கொடுத்தேன்.

வெள்ளை ஓட்டில் வெள்ளை மெழுகு. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது. அவளுடைய ஆள்காட்டி விரல் மட்டும் எல்லாம் தெரிந்த மாதிரி ஓட்டின்மேல் போய் வந்தது.

பிறகு சாயம். வெற்று ஓடு மிதக்கிறது. கரண்டியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் நின்றேன். காய்ந்ததும் விளக்குச் சுடரின் பக்கவாட்டில் காட்டி, மெழுகு மினுங்கும்போது பழைய பனியன் துணியால் துடைத்தேன்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. துணியை எடுத்தேன், செம்மண் நிறத்தில் முட்டை, அது முழுக்க வாலோடு வெள்ளைப் புள்ளிகள், எல்லாம் ஒரே பக்கமாகச் சுழன்றுகொண்டு போகின்றன. ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. கண் தெரிகிற காலத்தில் ஜிகினா தூவியவள் இவள்.

நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

இலை முட்டை. கொல்லையில் இருந்து கொத்தமல்லி, முருங்கை, தொட்டாற்சிணுங்கி பறித்து வந்தேன். தடவிப் பார்த்து, முருங்கை வேண்டாம், தடிப்பு, ஒட்டாது என்றாள். கொத்தமல்லி இலையைத் தண்ணீரில் நனைத்து ஓட்டில் விரித்து, கொசுவலைத் துண்டால் இறுக்கிக் கட்டி, மஞ்சள் சாயத்தில் போட்டோம். பிரித்தபோது இலையின் நரம்புகூடப் பதிந்திருந்தது. தினம் ரசத்தில் போட்டு ஒதுக்கி வைக்கிற இலை. அதற்குள் இவ்வளவு வேலைப்பாடு இருப்பதை அறுபத்துமூன்று வயதில்தான் பார்க்கிறேன்.

காமாட்சி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, எங்க வீட்ல தெனம் ஆம்லெட்டு. அக்காவுக்குக் கண்ணு செரியாகுறதுக்குள்ள நாங்க குண்டாயிருவோம்" என்றாள். கட்டில் ஓரத்தில் குனிந்தபடியே செசிலி சிரித்தாள். இந்த ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு.

ஏப்ரல் 5, சனி

தலையைத் தூக்கலாம். 9.00க்குத் தூக்கினாள். கழுத்து வலியில் கண்ணீர் வந்தது. என்ன தெரிகிறது என்று கேட்டேன். பாதிக் கிணற்றுக்குள் நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். குமிழ் சுருங்கச் சுருங்க மேலே ஒரு கீற்று தெரிகிறது, கீழே கறுப்புத் தண்ணீர் ஆடுகிறது. குனிந்தால் நடுவில் ஒரு வட்டம், அதன் விளிம்பு முழுக்க வெளிச்சம்.

செய்த முட்டைகளை எடுத்து வரட்டுமா என்றேன். வேண்டாமாம். குமிழ் முழுதாகப் போன பிறகுதான் பார்ப்பாளாம். துண்டு போட்டு மூடி அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

தலை நிமிர்ந்த பிறகும் அவள் முட்டை செய்வது குனிந்துதான், கண்ணை மூடிக்கொண்டுதான். திறந்தால் கை தடுமாறுகிறது என்கிறாள். கொடைக்கானலில் இருந்து சந்தைக்கு ஊதா முட்டைக்கோஸ் வந்திருந்தது. அந்தச் சாறு ஊதா, ஆனால் ஓட்டில் ஏறும்போது வானத்து நீலம். இரண்டு தடவை செய்து பார்த்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மதியம் அவள் தூங்கும்போது, எத்தனை தேறியிருக்கிறது என்று எண்ணலாம் என்று புள்ளி முட்டைகளைச் செய்த தேதி வரிசையில் வைத்தேன். என் வேலைப் பழக்கம். வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் இரண்டில் சுழல் மட்டும். மூன்றாவதில் புள்ளிகளுக்கு நடுவே பெரிய வெற்று வட்டம். அடுத்ததில் அதே வட்டம் கொஞ்சம் சிறிசு. அடுத்ததில் இன்னும் சிறிசு. நேற்றையது ஒரு நெல்லிக்காய் அளவு. அவள் அழகுக்காகப் புள்ளி வைக்கவில்லை. கண்ணுக்குள் அன்றன்றைக்குப் பார்த்ததை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் முப்பத்தோரு வருஷம் எழுதியவன் நான். இவ்வளவு சுத்தமாக ஒரு நாளைக்கூட நான் எழுதி வைத்தது இல்லை.

ஏப்ரல் 12, சனி

மதுரை, 11.30. விழித்திரை ஒட்டிக்கொண்டது. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

டாக்டரம்மா காகிதத்தையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். மின்னல் வந்து மூன்று நாளில் வந்ததாக எழுதியிருக்கிறது, ஆனால் நடுப்பகுதியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றார். சொட்டு மருந்துக் கணக்குக்காக இந்த நாட்குறிப்பு என் பையில் இருந்தது. மார்ச் 13ஆம் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தேன்.

"டாக்டர், நான் நேரத்தத் தப்பாக் குடுத்துட்டேன். மூணு நாள் இல்ல, பன்னெண்டு நாள். எங்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டா. நான்தான் எண்ணெய் வைக்கச் சொன்னேன்."

வேலையில் இருந்த காலத்தில் ஒரு வண்டிக்குக்கூட நான் பொய் நேரம் போட்டதில்லை. டிரைவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், போட்டதில்லை. மார்ச் 25 அன்று என் மேல் பழி வராமல் இருக்க, பக்கத்தில் செசிலி உட்கார்ந்திருக்கும்போதே போட்டேன். அவளும் திருத்தவில்லை.

இன்று வாயைத் திறந்தாள். "கண்ணுல நெழல் விழுந்தப்ப நானாவது சொல்லியிருக்கணும்மா. குறை சொல்ல மாட்டேன்னு ஆண்டவருக்கு வாக்குக் குடுத்திருந்தேன். சொன்னா அது உடஞ்சிரும்னு அடக்கிக்கிட்டேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். கண் தெரியவில்லை என்று சொல்வது குறை சொல்வது ஆகாது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேதியைத் திருத்தி எழுதினார். குமிழ் இன்னும் ஒரு வாரத்தில் கரைந்துவிடும், பார்வை வரும். ஆனால் நடுப்பகுதி அதிக நாள் உரிந்து கிடந்ததால் நேர்க்கோடுகள் வளைந்து தெரியலாம். மாதக்கணக்கில் கொஞ்சம் சரியாகலாம். முழுக்கச் சரியாகும் என்று சொல்ல முடியாது.

திரும்பும் வண்டியில் அவள் ஜன்னல் பக்கம், நான் நடைபாதை பக்கம். வண்டி கொடைரோட்டைத் தாண்டியது. பிறகு, இன்னும் ஆறு முட்டை பாக்கி இருக்கிறது என்றாள்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பவனியில் நடந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரண்டு முட்டை. ஒன்றில் அவளுடைய பழைய பட்டு ரவிக்கைத் துண்டைச் சுற்றி, வினிகர் விட்டு வேக வைத்தோம். பட்டின் சாயம் அப்படியே ஓட்டுக்கு மாறிவிட்டது, சரிகைக் கோட்டின் தடம்கூட. என்ன ரவிக்கை தெரியுமா என்றாள். தெரியவில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் போட்டதாம். இதற்குப் போய் அதைக் கிழிப்பாயா என்றதற்கு, அது சேராமல் போய் இருபது வருஷம் ஆகிறது என்றாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கடைசி முட்டை. நீலம். ஊசி முந்நூற்று நாலு. நடுவில் ஒரு மிளகு அளவுக்கு வட்டம். இருபத்துநான்கு ஆகிவிட்டது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

காலையில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரிகாரமாக ஐந்து பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆறாவதும் சொன்னேன். மனம் லேசாகவில்லை. செசிலியிடம் இதுவரை நான் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன், சாமியாரிடம் சொன்னேன். வீட்டில் இருப்பவளிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

ஏப்ரல் 19, சனி

குமிழ் இருக்கிறதா என்று நாலு தடவை கேட்டேன். கடுகு மாதிரி ஓடுகிறது என்றாள். நாலாவது தடவை, இனிமேல் கேட்காதீர்கள் என்றாள்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

5.50க்கு எழுப்பினாள். "போயிருச்சுங்க. காணோம்."

தாம்பாளத்தில் அரிசி பரப்பி, இருபத்துநான்கு முட்டைகளையும் வரிசையாக அதில் ஊன்றி, மேலே துண்டைப் போட்டேன். ஜன்னலைத் திறந்து, மேசையை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, துண்டை எடுத்தேன்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தொடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுழல்கள், இலை நரம்புகள், பட்டுப் பூக்கள், நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வரும் வட்டம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இருவரும் போகவில்லை. கடைசி நீல முட்டைக்கு வந்ததும் மறுபடி முதல் முட்டைக்குப் போனாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

"இத யாருங்க செஞ்சா?"

நீதான் என்றேன். அவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்படியா இருந்தது, இவ்வளவு அழகாகவா இருந்தது, உள்ளே கிடந்தபோது பயமாகத்தானே இருந்தது என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். முழங்கால் போட வேண்டும் போல இருந்தது, யாருக்கு என்று தெரியவில்லை.

அப்புறம் என் பக்கம் திரும்பி, முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒங்க மூஞ்சி ஒரு பக்கமா வளஞ்சு தெரியுது."

"அந்த வளைவு நான் பண்ணினது, செசிலி. நீ சொன்ன அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா நேரா இருந்திருக்கும். என்னை மன்னிச்சிரு."

கையை எடுக்கவில்லை. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். "வளஞ்ச மூஞ்சியோடயே கெளம்புங்க. பூசைக்கு நேரமாச்சு" என்றாள்.

தாம்பாளத்தை நான் ஏந்திக்கொண்டேன். அவள் முன்னால் நடந்தாள். தெரு முனை வந்ததும் ஆரம்பித்தாள். அந்தக் கரண்டுக் கம்பம் வளைந்திருக்கிறது. டீச்சர் வீட்டு வாசற்கதவு நெளிந்திருக்கிறது. இந்த மதில் ஏன் வயிறு தள்ளி நிற்கிறது? கோயில் கோபுரம்கூட ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, பாருங்கள். ஒவ்வொன்றையும் விரல் நீட்டிக் காட்டினாள். அவள் காட்டிய ஒவ்வொரு வளைவிலும் என் பங்கு இருந்தது. ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டு, ஒன்று விடாமல் கேட்டபடி கோயில் வரைக்கும் பின்னால் நடந்தேன்.